கம்பளிப் பாதுகை

இப்பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் இரண்டை அருகருகே வைத்துப் படித்தோம். ஒன்று நீலகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. வீட்டில் வயது முதிர்ந்த மாமியார் இருக்கிறாராம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் தரையில் கால் வைத்தால் முழங்கால் வரை விறைத்துப் போகிறதாம். ஆனால் தோல் செருப்பைச் சமையலறைக்கோ பூஜை அறைக்கோ அந்த அம்மாள் அண்ட விடுவதில்லை. ரப்பர் செருப்பு குளிருக்கு உதவுவதில்லை. "கம்பளி நூலில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் பாதுகை பின்னுவது எப்படி?" என்று கேட்கிறார்.

மற்றது தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதியது. அவர் கேட்பது வேறு. "கதரையும் கைத்தறியையும் போற்றும் பத்திரிகையில், துரைசானிகளின் பொழுதுபோக்காகிய ஊசிப் பின்னலுக்கு இடம் எதற்கு? இராட்டையைப் பற்றி எழுதலாகாதா?" என்கிறார்.

பெரியவருக்கு முதலில் பதில் சொல்லுவதே முறை. அவர் சொல்வது சரியென்று ஏற்பட்டுவிட்டால் சகோதரிக்குப் பதில் எழுதும் சிரமமே இல்லாமற் போய்விடும் அல்லவா?

ஊசிப் பின்னல் ஐரோப்பியரின் சொந்தச் சொத்து என்று நம்மவர் பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதற்கு மாறானது. லண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் கண்காட்சிச் சாலையில் ஒரு ஜோடிச் சிவப்புக் கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன. எகிப்து தேசத்தில், ஆக்ஸிரிங்கஸ் என்னும் பழைய பட்டணத்தின் இடிபாடுகளில் அகப்பட்டவை. கி.பி. மூன்றாவது நூற்றாண்டுக்கும் ஐந்தாவது நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை. அவற்றின் விசேஷம் என்னவென்றால், பெருவிரலுக்கு ஒரு பையும் மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரு பையுமாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வார் செல்லும் செருப்போடு அணிவதற்காக அந்த ஏற்பாடு. நம்முடைய செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தக் காலுறையை அணிந்தால் கச்சிதமாகப் பொருந்தும்! அது ஒற்றை ஊசியால் முடிந்த வேலை. இப்போது நாம் செய்யும் இரட்டை ஊசிப் பின்னலுக்கு மூத்த சகோதரி என்று சொல்லலாம்.

இரட்டை ஊசிப் பின்னலும் எகிப்திலேதான் பழமையாகக் காணப்படுகிறது. அங்கிருந்து அராபியர் கைவழியாக அது ஸ்பெயின் தேசம் போய்ச் சேர்ந்தது. அத்தேசத்தில் புர்கோஸ் நகரத்து மடாலயம் ஒன்றில், 1275இல் காலமான ஓர் இளவரசரின் கல்லறையிலிருந்து வெகு நேர்த்தியாகப் பின்னிய பட்டுத் தலையணை உறை கிடைத்தது. ஐரோப்பாவில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழைய பின்னல்களில் அது ஒன்று. அதைச் செய்தவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள் என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. ஆகவே, கிழக்கிலிருந்து மேற்கே போன வித்தை, பிற்பாடு பாதிரிமார் மூட்டையிலே கிழக்கே திரும்பிவந்தது என்று சொன்னால் பெரியவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

அப்படித் திரும்பி வந்த கதையில் ஓர் அத்தியாயம் சொல்லத் தக்கது.

ஹிமாசலப் பிரதேசத்தில் குலுப் பள்ளத்தாக்கைத் தாண்டி, 3,978 மீட்டர் உயரமுள்ள ரோட்டாங் கணவாய்க்கு அப்பால் இருப்பது லாஹௌல் பிரதேசம். சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் அங்கே தாண்டி என்ற இடத்தில் கூடிச் சந்திரபாகா ஆகின்றன. பஞ்சாபின் ஐந்து நதிகளில் ஒன்றாகிய செனாப் அதுவே. பாகா நதிக்கரையில் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் கேலாங் என்ற ஊர் இருக்கிறது. பனி விழத் தொடங்கினால் கணவாய் மூடிக்கொள்ளும். பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு லாஹௌல் ஒரு தீவு.  2020ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 3ஆம் தேதி, கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகுதான் இந்த நிலைமை மாறிற்று.

1856இல் இந்தக் கேலாங்குக்கு மொரேவிய சபையைச் சேர்ந்த ஹைடே, பாகெல் என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் வந்து குடியேறினார்கள். அவர்கள் புறப்பட்டது மங்கோலியாவுக்கு. வழிவிட மறுத்ததனால் பாதி வழியிலே தங்கிவிட்டார்கள். மொரேவிய சபை தமிழருக்குப் புதிதல்ல. 1760இலேயே தரங்கம்பாடிக்கு அருகில் வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்த சபைதான் அது. தச்சு, தையல், நெசவு முதலிய கைத்தொழில் எதையாவது கையில் வைத்துக்கொண்டே ஊழியம் செய்வது அவர்களுடைய வழக்கம்.

1859இல் ஹைடேயை மணந்துகொள்ள மேரியா ஹார்ட்மன் என்னும் பெண் வந்தார். தென்னமெரிக்காவில் சுரினாம் நாட்டில் பிறந்தவர். கேலாங்கில் ஏறக்குறைய நாற்பது வருஷம் வாழ்ந்தார். பெற்ற குழந்தைகளில் சிலரை அந்த மண்ணிலேயே அடக்கமும் செய்தார். ஆறு மாதச் சிறையாகிய குளிர்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து உட்காரவைத்து, கம்பளி நூலில் காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாதிரிமாரின் உபதேசத்தால் மதம் மாறியவர்கள் மிகச் சொற்பம். பின்னக் கற்றவர்களோ அநேகர். தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் அது போய்ச் சேர்ந்து, லாஹௌலில் இன்று ஊசி பிடிக்கத் தெரியாத வீட்டைத் தேடவேண்டும்.

இங்கேதான் பெரியவர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மேரியா அம்மையார் கொண்டுவந்தது முறை மட்டுமே. ஆடு அவர்களுடையது. ரோமத்தைக் கழுவிக் கோதி, தக்ளியில் நூற்கும் பழக்கம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உள்ளது. அந்த மலைகளில் ஆட்டிடையர் நடந்துகொண்டே நூற்பதை யாத்திரிகர்கள் இன்றும் காண்கிறார்கள். நிறங்களும் கோலங்களும் அவர்களுடைய தறியிலும் ஆடையிலும் ஏற்கனவே இருந்தவற்றோடு உறவு கொண்டவை. கட்டமும் முக்கோணமும் நட்சத்திரமுமாக, இரண்டு மூன்று வர்ண நூல்களை ஒரே வரிசையில் மாற்றி மாற்றிப் பின்னுகிறார்கள். 2021இல் லாஹௌல் பின்னல் காலுறைக்கும் கையுறைக்கும் இந்திய சர்க்கார் புவிசார் குறியீடு வழங்கியது. அதாவது, வேறு எவரும் வேறு எங்கேயோ செய்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது. சீமையிலிருந்து வந்த வித்தை, லாஹௌலின் சொத்து என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகு, அதைச் சுதேசி என்பதில் நமக்கென்ன தயக்கம்?

இன்னும் ஒன்று சொல்லி இந்த வழக்கை முடிக்கிறோம். 1962இல் சீனப் படையெடுப்பின் போது, பனி மலைகளில் போதிய உடையின்றி நின்ற நம் ஜவான்களுக்காகத் தேசமெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். அப்போது அந்த ஊசி எந்த தேசத்து ஊசி என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

கேலாங்கிலும் குலுவிலும் வீட்டுக்குள் தோல் செருப்போடு நடப்பதில்லை. வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறையோடோ, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் கம்பளிப் பாதுகையோடோ உள்ளே போகிறார்கள். குலுப் பள்ளத்தாக்கில் 'பூலா' என்று ஒன்று உண்டு. சணலைப் போன்ற கஞ்சாச் செடித் தண்டின் நாரைத் திரித்து அடித்தளம் செய்து, மேல்பாகத்தை ஆட்டு ரோம நூலால் பின்னுவார்கள். தோல் கலவாததாகையால் கோயிலுக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் அதை அணிந்து போகத் தடையில்லை. நீலகிரிச் சகோதரியின் மாமியாருக்கும் குலுவிலுள்ள பூசாரிக்கும் ஒரே சங்கடம். அங்கே அதற்குப் பரிகாரம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

கையால் பாதுகை செய்வது இழிவான காரியம் என்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் 1910இல் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டபோது, காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவிகளின் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் அடிகள் கற்றார். பிற்பாடு சிறையிலே தம் கையால் தைத்த ஒரு ஜோடியை, தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914இல் வெகுமதியாகக் கொடுத்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைக் காலங்கள் அணிந்து, 1939இல் அடிகளின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டித் திருப்பி அனுப்பினார்.

இனிச் சகோதரியின் கடிதம்.

லாஹௌல் முறையிலே பல வர்ணக் கோலத்தோடு பின்னுவது கை தேர்ந்தவர்களுக்குரியது. எடுத்த எடுப்பில் அதில் இறங்கினால் ஊசியும் நூலும் பரணுக்குப் போய்விடும். ஆகையால் மிக எளிய முறை ஒன்றைச் சொல்கிறோம். மேல்நாடுகளில் பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குப் பின்னிக்கொடுக்கும் வீட்டுப் பாதுகை இது. ஒரு செவ்வகத் துண்டைப் பின்னி, மடித்து, இரண்டு இடத்தில் தைத்தால் முடிந்தது. கண்ணி ஏற்றவும், நேர்க் கண்ணி, புறக் கண்ணி ஆகிய இரண்டைப் பின்னவும், கண்ணிகளை ஊசியிலிருந்து தவறவிடாமல் வைத்திருக்கவும் தெரிந்தால் போதும். கடைகளில் இவற்றைத்தான் பிளெயின் என்றும் பர்ல் என்றும் சொல்கிறார்கள். இவை தெரியாதவர்கள் தெரிந்தவர் ஒருவரிடம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்பதே மேல். காகிதத்தில் படித்து நீந்தக் கற்றவர் இல்லை. பின்னக் கற்றவரும் அநேகமாக இல்லை.

வேண்டிய பொருள்: நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல் சுமார் 120 கிராம், 5 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசி ஒரு ஜோடி, தைப்பதற்குப் பெரிய காதுள்ள மழுங்கிய ஊசி ஒன்று. நூலை இரட்டையாகச் சேர்த்துப் பிடித்துப் பின்னவேண்டும். ஒற்றை நூலில் பின்னினால் ஒரு குளிர்காலம் தாங்காது. குதிகால் முதலில் ஓட்டையாகிவிடும்.

தொடங்குமுன் 10 கண்ணி ஏற்றிச் சில வரிசை பின்னி அளந்து பாருங்கள். அகலம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வரவேண்டும். மிகுதியாக வந்தால் கை தளர்ந்திருக்கிறது என்று அறிந்து, ஒரு படி மெல்லிய ஊசி எடுத்துக்கொள்ளவேண்டும். குறைந்தால் பருமனான ஊசி. இந்தப் பரீட்சையை வீண் வேலை என்று விடுகிறவர்களே முடிவில் மாமியாருக்கு ஆரம்பித்ததைப் பேரனுக்குப் போடுகிறார்கள்.

இனிப் பின்னல். 29 கண்ணி ஏற்றுங்கள். ஏற்றும்போது நூலின் நுனியில் ஒரு முழம் மிச்சம் விடவேண்டும். குதிகாலைத் தைக்க அது உதவும். முதல் வரிசையில் 9 நேர்க் கண்ணி, 1 புறக் கண்ணி, 9 நேர், 1 புறம், 9 நேர். இரண்டாவது வரிசை முழுவதும் நேர்க் கண்ணி. இந்த இரண்டு வரிசையையே திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டு போகவேண்டும். கொஞ்சம் வளர்ந்தவுடன் இரண்டாவது வரிசையின் பக்கத்தைப் பார்த்தால், வரப்பு வரப்பாக மேடுகளும், அவற்றைக் குறுக்கே பிளந்துகொண்டு போகும் இரண்டு வாய்க்கால் கோடுகளும் தெரியும். நடுப் பாத்தி உள்ளங்கால். இரு பக்கத்துப் பாத்திகளும் காலின் பக்கங்கள். வாய்க்கால் உள்ள இடத்தில் துணி தானாகவே மடியும். இந்த வரப்புப் பின்னலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரு புறமும் ஒரே மாதிரியாக இருப்பதால் ஓரம் சுருண்டுகொள்வதில்லை. மேடுகளுக்கிடையில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றுத்தான் குளிரைத் தடுப்பது, கம்பளி அதைப் பிடித்து வைக்கும் பாத்திரம் மாத்திரமே.

எவ்வளவு நீளம்? பாதத்தைக் காகிதத்தின் மேல் வைத்து, குதிகால் முதல் பெருவிரல் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். அதில் இரண்டரை அங்குலம் கழித்தால் வருவது இந்தப் பின்னலின் நீளம். 9 அங்குலப் பாதத்துக்கு 6½ அங்குலம். அதற்கு மேல் விரல் பாகம். இங்கே ஒரு நேர், ஒரு புறம் என்று மாற்றி மாற்றி 2 அங்குலம் பின்னவேண்டும். 29 ஒற்றைப்படை எண் ஆகையால், ஒரு வரிசை நேரில் தொடங்கி நேரில் முடியும். திரும்பி வரும் வரிசை புறத்தில் தொடங்கிப் புறத்தில் முடியவேண்டும். மறந்து இரண்டையும் நேரிலே தொடங்கினால் பட்டை பட்டையாக நெகிழும் பின்னலுக்குப் பதிலாக முத்துப் போட்டாற்போல் ஒன்று வரும். பார்வைக்கு அழகாயிருந்தாலும் காலைக் கவ்விப் பிடிக்காது. மொத்த நீளம் பாதத்தைவிட அரை அங்குலம் குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கணக்கோடு செய்ததே. அகலமும் அப்படித்தான்; 29 கண்ணி ஏறக்குறைய எட்டு அங்குலந்தான் வரும், பாதத்தின் சுற்றளவோ 9 அங்குலம் இருக்கும். பின்னல் துணி இழுத்துப் பிடித்தால்தான் காலில் நிற்கும். சரியாக இருக்கட்டும் என்று பின்னினது பத்தாம் நாள் தொளதொளத்துப் போகும்.

பெரிய பாதத்துக்கு 11, 1, 11, 1, 11 என்று 35 கண்ணி; சிறுவருக்கு 7, 1, 7, 1, 7 என்று 23 கண்ணி. மற்றதெல்லாம் இந்த முறையே.

விரல் பாகம் முடிந்ததும் நூலை ஒன்றரை முழம் விட்டு அறுத்து, பெரிய ஊசியில் கோத்து, 29 கண்ணிகளுக்குள்ளும் செலுத்தி, பின்னல் ஊசியை உருவிவிட்டுச் சுருக்குப் பையைப் போல் இறுக்கி, இரண்டு முறை முடிச்சுப் போடவேண்டும். அதே நூலால் விரல் பாகத்தின் இரு ஓரங்களையும் சேர்த்து மேற்புறம் தைத்துக்கொண்டு வந்து, அதைத் தாண்டி வரப்புப் பின்னலிலும் ஓர் அங்குலம் தைத்து நிறுத்தினால் புறங்கால் மூடிவிடும்.

இந்த இடத்திலே ஒரு வேடிக்கை. காலுறையின் நுனியைத் தையல் தெரியாமல் கண்ணியோடு கண்ணி கோத்து மூடும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் கிச்சனர் தையல் என்று பெயர். 1902 முதல் 1909 வரை நம் நாட்டில் சேனாதிபதியாக இருந்து, கர்ஸன் பிரபுவோடு மல்லுக்கு நின்று அவர் பதவியை விட்டுப் போகக் காரணமாயிருந்த அதே கிச்சனர்தான்! முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் விரலைத் தையல் உறுத்தக் கூடாதென்று அவரே கண்டுபிடித்ததாகக் கதை கட்டியிருக்கிறார்கள். நமக்கு நம்பிக்கையில்லை. ஊசி பிடித்த யாரோ ஒரு பெண்மணியின் யுக்தி, தளபதியின் பெயரில் பதிந்துபோயிருக்கும். சரித்திரத்தில் இது முதல் தடவை அல்ல.

குதிகாலில் பலரும் தவறு செய்கிறார்கள். ஏற்றிய ஓரத்தை இரண்டாக மடித்து மேலிருந்து கீழ்வரை நேராகத் தைத்துவிட்டால் அடியிலே மூக்குப் போல் ஒரு கூர் நீட்டிக்கொண்டிருக்கும். நடக்கும்போது அது காலுக்கடியில் புரளும். ஆகையால் பக்கத்துப் பாத்திகளின் 9 கண்ணிகளை மாத்திரம் ஒன்றோடொன்று சேர்த்துத் தையுங்கள். மிஞ்சுகிற நடுக் கண்ணிகள் 11. அவற்றுக்குள் நூலை ஓட்டிச் சுருக்கி இறுக்கி முடிந்துவிடுங்கள். குதிகால் உருண்டையாக வரும். முடிச்சு உள்ளே வேண்டாம், வெளியே இருக்கட்டும். குஞ்சம் வைப்பது அவரவர் பிரியம்.

ஓரளவு பழகிய கைக்கு ஒரு ஜோடி, இரண்டு மூன்று மாலைப் பொழுதுகளின் வேலை. முதல் பாதுகையில் எத்தனை மேடு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளாவிட்டால் இரண்டாவது அதற்குச் சகோதரியாக இராது, ஒன்றுவிட்ட சகோதரியாகவே இருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, யாருக்கு இதைப் போடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் உபகாரம் செய்தவர்கள் ஆகமாட்டோம். கம்பளி வழுக்கும். பழைய காரைத் தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் தெரியாது. இப்போது வீடுகளில் போட்டிருக்கும் பளிங்கிலும் கிரானைட்டிலும் மெருகேறிய ஓட்டிலும் அது எண்ணெயில் நடப்பதற்குச் சமானம். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் வருஷம் முழுவதும் மாறிவிடுகிறது. மருமகள் அன்போடு பின்னிப் போட்ட பாதுகையே அதற்குக் காரணமாகலாமா? ஆகையால் அடித்தளம் தைக்காமல் முதியவர் காலில் இதைப் போடவே கூடாது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி விரித்துக் கழுவி, உள்ளங்கால் வடிவாக நறுக்கி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிச் சிறு துளைகளிட்டு, அவற்றின் வழியாகக் கெட்டி நூலால் தைத்துவிடலாம். ரப்பர் தரையைப் பற்றிக்கொள்ளும். தோலும் அல்ல, ஆகையால் பூஜை அறைக்கு ஆட்சேபம் இராது. அப்படித் தைத்த பிறகும் மாடிப்படியில் ஏறி இறங்கும்போது கழற்றிவிடுவதே நல்லது.

இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. நெடுநாள் நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் நம் வீடுகளில் அநேகர். அவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வெறும் காலுறையோடும் மெல்லிய பாதுகையோடும் நடக்கக் கூடாது என்பது வைத்தியர்களின் கண்டிப்பான யோசனை. தையலின் மேடு அழுத்திப் புண்ணானாலும் அவர்களுக்கு வலி தெரியாது. கீழே கிடக்கும் ஊசியோ முள்ளோ கம்பளியைத் துளைத்து ஏறினாலும் தெரியாது. அவர்களுக்குத் தக்க அடித்தளமுள்ள, அளவெடுத்த பாதரட்சையே வேண்டும். கம்பளிப் பாதுகையை வேண்டுமானால் படுக்கையில் போட்டுக்கொள்ளட்டும், அதுவும் தையலை வெளிப்புறமாகத் திருப்பி. நீலகிரிச் சகோதரி முதலில் மாமியாரின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துவிட்டுப் பிறகு நூல் வாங்கப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நூல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீலகிரிக்கென்று ஒரு செம்மறியாட்டு ஜாதி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட் முதலிய அந்நிய ஜாதிகளைக் கலந்து உண்டானது. சமவெளி ஆட்டின் ரோமம் கரடாயிருக்க, இதன் ரோமம் மென்மையானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் 1965 முதல் செம்மறி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இந்த ஜாதியைப் பேணி வருகிறது. அப்படியிருந்தும் அது வர வர அருகிக்கொண்டு வருகிறது. உதகைக் கடைகளில் கம்பளி என்ற பெயரில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதியோ பெட்ரோலியத்திலிருந்து பிறந்த அக்ரிலிக் நூல். எதிரே மேயும் ஆட்டை விட்டுவிட்டு எண்ணெய்க் கிணற்றிலிருந்து கம்பளி தேடும் விந்தையை என்னவென்பது!

ஏமாறாமலிருக்க எளிய பரீட்சை ஒன்று உண்டு. நூலில் ஒரு விரற்கடை கிள்ளி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். ஆட்டு ரோமமானால் தயங்கித் தயங்கி எரிந்து, தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். அக்ரிலிக்கானால் உருகிக் கடினமான மணியாக உறைந்துவிடும். மணாலிக்கு யாத்திரை போகிறவர்கள் லாஹௌல் காலுறை என்று கொடுப்பதை வாங்குமுன் உட்புறத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும். வர்ணம் மாறும் இடங்களில் நூல் உள்ளே தாவித் தாவிப் போயிருந்தால் மட்டும் கைப்பின்னல் என்று முடிவு செய்யவேண்டாம். இயந்திரமும் அவ்வாறு செய்யும். பக்கவாட்டில் வெட்டித் தைத்த மூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆலைச் சரக்கு. இல்லாவிட்டால், பேரம் பேசுமுன், ஆறு மாதப் பனியில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒருத்தி எண்ணிய கண்ணிகளின் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வேலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையைக் கொடுத்துவிட்டு மலிவாக வாங்கினோம் என்று மகிழ்வது கதர் அணிகிறவர்களுக்கு அழகல்ல. இது பெரியவரும் நம்மோடு ஒப்புக்கொள்ளும் விஷயம் என்று நினைக்கிறோம்.

அசல் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் ரோமத்தின் செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து, பாதுகை குழந்தைக்குக்கூட நுழையாதபடி சுருங்கிவிடும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த பச்சைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்து, முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்தவேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். பங்குனி பிறந்ததும் ஒரு நாள் வெயில் காட்டி, உலர்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி வைத்தால் அந்துப்பூச்சி அண்டாது. அடுத்த மார்கழிக்கு எடுக்கும்போது குதிகாலைத் தடவிப் பாருங்கள். மெலிந்திருந்தால் மிச்ச நூலால் அப்போதே இழையோட்டிவிடலாம். அதற்காகத்தான் 120 கிராம் வாங்கச் சொன்னோம். பின்னலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும்.